மிளா பார்க்க முதல் தடவை காடு ஏறுவோர்க்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடமானை எங்கள் பக்கம் மிளா என்போம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். வருஷத்துக்கு நாலைந்து தடவை அனுமதி வாங்கி, காணிக்காரப் பழங்குடி வழிகாட்டி ஒருவரோடு காட்டுக்குப் போய்வருகிறேன். கூட வர விரும்பும் நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மான் வேட்டைக்கு முதல் தடவை போகிறேன். என்னென்ன சாமான் வேண்டும்?

வேட்டைக்குப் போக முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். அதன் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. சுட்டுக் கொல்வது மட்டும் வேட்டை என்று நினைக்க வேண்டாம். கண்ணி வைப்பது, பொறி வைப்பது, நாயை விட்டு விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, இவற்றில் எதையாவது செய்ய முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். சரணாலயத்துக்குள் செய்தால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. அபராதம் தனி. அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம்.

நம் மாவட்டத்து மலைக்காட்டில் பெரும்பகுதி இன்று சரணாலயம். 2008-இல் அறிவித்தார்கள், பரப்பு 402 சதுர கிலோமீட்டர் சொச்சம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் தென்கோடியும் இதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் அங்கே உரிமம் வாங்கி, அதற்கென்று விட்ட மாதத்தில், குறித்துக் கொடுத்த எண்ணிக்கைக்குள் மான் வேட்டைக்குப் போகிறவன். ஊருக்கு வந்தபோது இங்கேயும் போகலாமா என்று கேட்டான். அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே அப்படி ஒரு உரிமமே கிடையாது என்று சொல்லி, மிளா பார்க்கக் கூட்டிப் போனேன். ஆனால் அவன் சொன்ன தயாரிப்பும் எங்கள் பாட்டா (தாத்தா) சொல்லித் தந்த தயாரிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. பாட்டா சட்டம் வருவதற்கு முந்தைய காலத்தில் ஒத்தைக்குழல் தோக்கோடு (துப்பாக்கி) நாயாட்டுக்கு, அதாவது வேட்டைக்குப் போனவர். பிறகு விட்டுவிட்டார். மிளாவின் பக்கத்தில் போவதற்கு அவர் சொன்ன எதுவும் இன்றைக்கும் பொய்க்கவில்லை. அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நம் காட்டில் மிளா மட்டும்தானா?

இல்லை. கேளையாடு உண்டு. ஆட்டின் அளவுதான் இருக்கும், நாய் குரைப்பதுபோல் சத்தம் போடும். முதல் தடவை கேட்பவர் காட்டுக்குள் யார் வீட்டு நாய் என்று தேடுவார். சருகுமானும் உண்டு. கொம்பே கிடையாது, மூன்று கிலோ தேறும், முயலைவிடக் கொஞ்சம் பெரிது. கண்ணில் படுவது அபூர்வம். புள்ளிமான் கூட்டத்தை எதிர்பார்த்து வராதீர்கள். அது திறந்த வெளியும் புல்லும் தேடுகிற மான், நம்முடையது செங்குத்தான ஈரக்காடு.

மிளா இவற்றில் பெரியது. நன்றாக வளர்ந்த கிடா தோள் உயரத்தில் நாலு அடியைத் தாண்டும், எடை 200 கிலோவுக்கு மேல் போகும். கூட்டமாகத் திரிவதில்லை. ஒன்றோ இரண்டோ, தாயும் குட்டியுமாகவோ இருக்கும். அந்திக்கும் விடியலுக்கும் இடையில்தான் மேயும்.

அனுமதி எங்கே வாங்க வேண்டும்?

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கேட்க வேண்டும். சரணாலயத்துக்குள் சுற்றிப் பார்ப்பது, படம் எடுப்பது, ஆய்வு செய்வது எதுவானாலும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். "எனக்கு ரேஞ்சரைத் தெரியும்" என்று சொல்லிக் கூட்டிப்போகிறவரோடு போகாதீர்கள். மாட்டிக்கொண்டால் வழக்கு உங்கள் பேரில்தான் வரும்.

முதல் தடவைக்கு இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளைத் திறந்தது. இணையத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். நம் மாவட்டத்தில் காளிகேசத்திலிருந்து பாலமோர் போகும் வழி அதில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழியாகக் காளிகேசம் சுமார் 25 கிலோமீட்டர்.

வழிகாட்டி என்பதை வெறும் சடங்காக நினைக்காதீர்கள். நம் காட்டை உள்ளங்கைபோல் அறிந்தவர்கள் காணிக்காரர்கள். நான் வெறும் பாறை என்று தாண்டிய இடத்தில், அன்று காலை மிளா உரசிப் போன ரோமத்தை எடுத்துக் காட்டியவர் ஒரு காணிக்கார மூத்தவர். அவர் நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

நமக்கு மழை இரண்டு: ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு. இரண்டும் ஓய்ந்து, காடு இன்னும் காயாமல் இருக்கிற டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் என் தேர்வு. ஓடைகள் வடிந்து கடக்க எளிதாக இருக்கும், அட்டையும் குறைந்திருக்கும். நெல்லிக்காய் உதிரும் காலமும் கூட. நெல்லிமரத்தடிக்கு மிளாவும் கேளையாடும் தேடி வரும்.

கோடை வந்தால் தீ அபாயத்தால் வழிகளை மூடிவிடுவார்கள். அதில் குறைபட ஒன்றுமில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நாம் மறக்கக் கூடாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தோவாளைப் பக்கத்து மலையை உலுக்கும். முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். அந்தக் காற்றில் மிளாவுக்கும் காது கேட்காது. காது கேட்காத மிளா புதரைவிட்டு வெளியே வராது.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. முதலில் எதை வாங்க?

பைனாகுலர். ஷூவுக்கும் பைக்கும் முன்னால் இதை வாங்குங்கள். வேறெதிலும் சிக்கனம் பிடிக்கலாம்.

அதன் மேல் 8×42 என்று எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்கு என்று ஆசை காட்டுவார். வாங்காதீர்கள். மடங்கு கூடக் கூட கை நடுக்கமும் அதே அளவு கூடும், பார்க்கும் வட்டமும் சுருங்கும். மரங்களுக்கிடையில் மிளாவின் காது அசைவது தெரிய வேண்டுமென்றால் படம் ஆடாமல் நிற்க வேண்டும்.

இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5 சொச்சம். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. மங்கலில் நம் கண்பாவை விரிகிறபோது இந்த எண் பெரிதாக இருந்தால்தான் வெளிச்சமாகத் தெரியும். சட்டைப்பையில் அடங்கும் 10×25-இல் இது வெறும் 2.5. நடுப்பகலில் அதுவும் நன்றாகத்தான் தெரியும், கடையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் மிளா வருவது நடுப்பகலில் இல்லையே. கருக்கலில், கரும்பழுப்பு மிளாவை, கறுத்த ஈரமரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டும். அங்கே சின்னக் கண்ணாடி கைவிட்டுவிடும். மழைநீர் உள்ளே போகாதது, உள்ளே ஆவி படியாதது என்று கேட்டு வாங்குங்கள். நம் காட்டு ஈரத்தில் மற்றவை ஒரே பருவத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

வாங்கிய கையோடு காட்டுக்குப் போகவும் கூடாது. கண்ணால் பார்த்ததைத் தலையை அசைக்காமல் கண்ணாடிக்குள் கொண்டுவருவது ஒரு கைப்பழக்கம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். டிலனாய் கல்லறை இருக்கிற அந்தக் கோட்டைக்குள் வனத்துறையின் பூங்காவும் மான்களும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே உட்கார்ந்து, மான் காதை எப்போது திருப்புகிறது, தலையை எப்போது தூக்குகிறது என்று பாருங்கள். மான் மேயும்போது இடையிடையே தலை தூக்கிப் பார்க்கும். அந்தத் தாளம் மனசில் பதிந்துவிட்டால் காட்டில் எப்போது அசையலாம், எப்போது உறைந்து நிற்கலாம் என்று தானாகவே தெரியும்.

உடுப்பு என்ன நிறம்? ராணுவப் பச்சை வாங்கவா?

ராணுவப் பொட்டு உடுப்பு வேண்டாம். காவலர்களுக்குச் சந்தேகம் வரும், அது நியாயமும்தான். மங்கிய பச்சை, காவிப் பழுப்பு, சாம்பல் இவற்றில் எது வீட்டில் பழசாகக் கிடக்கிறதோ அது போதும்.

விலக்க வேண்டிய நிறம் நீலம். மானின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் எடுப்பாகத் தெரியாது, பச்சையோடு பச்சையாகக் கலந்துவிடும். நீலம் பளிச்சென்று தெரியும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வேட்டைக்காரர் பளீரென்ற ஆரஞ்சு மேலங்கி போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இன்னொரு வேட்டைக்காரனின் கண்ணுக்கு அது தெரியும், மானுக்கு உறுத்தாது. நம் ஆட்களோ நீல ஜீன்ஸில்தான் வந்து நிற்கிறார்கள். வெள்ளைத் துணியும் ஆகாது. சலவைத்தூளில் துணி பளபளக்க ஒரு வேதிப்பொருள் சேர்க்கிறார்கள், அது மானின் கண்ணுக்குக் கூடுதலாக மின்னும். காட்டு உடுப்பை வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள்.

நிறத்தைவிடப் பெரிய விஷயம் சத்தம். மழைக்கோட்டு நைலான் ஒவ்வொரு எட்டுக்கும் சரசரக்கும். பையில் இருக்கும் ஒட்டுப்பட்டையைப் பர்ரென்று பிரித்தால் அன்றைய நாள் முடிந்தது. பருத்தி உடுத்துங்கள். நனைந்தால் உலரத் தாமதமாகும், அதற்கு ஒரு மாற்றுச் சட்டை பையில் இருக்கட்டும். சாவிக்கொத்து, சில்லறை எல்லாவற்றையும் வண்டியிலேயே வையுங்கள். ஸ்டீல் தண்ணீர்ப் பாட்டிலைத் தோர்த்துத் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கிளம்புமுன் நின்ற இடத்தில் இரண்டு குதி குதித்துப் பாருங்கள். எது கிலுங்குகிறதோ அதை எடுத்து வெளியே வைத்துவிடலாம்.

காலுக்கு?

கணுக்காலை மூடும், அடி வழுக்காத ஷூ. புதிதாக வாங்கினால் ஒரு மாதமாவது ஊருக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். என் முதல் ஷூவை நாகர்கோவிலில் ஒரு கடையில் வாங்கி மறுநாளே போட்டுப் போனேன். ஓடையில் நனைந்ததும் அடிப்பாகம் கழன்று வந்துவிட்டது. கொடியால் கட்டிக்கொண்டு நாலு மணிநேரம் இறங்கினேன், இரண்டு நகம் போயிற்று. ஆகவே வாங்கியதும் ஒரு இரவு வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு, காய வைத்து, இழுத்துப் பாருங்கள்.

அட்டைக்கு முழங்கால்வரை வரும், நெருக்கமாக நெய்த துணி உறை இருக்கிறது. தையற்காரரிடம் கொடுத்தாலும் தைத்துத் தருவார். பேன்ட்டுக்கு மேல் போட்டுக் கட்ட வேண்டும். புகையிலைத் தண்ணீர் பூசுவது ஊர்ப்பழக்கம். அட்டை அண்டாது என்பது சரி, வாடை மிளாவுக்கும் போகும். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல், வாய் ஒட்டிய இடத்தில் நகத்தை வைத்து நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க ஒன்றைச் செலுத்திவிட்டுத்தான் அது குடிக்கிறது, அதனால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட வேண்டாம், சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மிளாவைப் பார்க்கவே இல்லை. எங்கே பிழை?

பெரும்பாலும் காற்றில்தான். "மக்கா, மிளாவுக்குக் கண்ணு பாதி, மூக்கு முழுசு" என்பார் பாட்டா. உங்கள் வாடை அதன் மூக்கை எட்டிவிட்டால் நீங்கள் எவ்வளவு பச்சையாக உடுத்திருந்தாலும் பயனில்லை. அது போன பிறகு காலடியும் நசுங்கிய செடியும்தான் உங்களுக்கு மிஞ்சும்.

இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, நம் மேல் இருக்கும் வாடையைக் குறைப்பது. இரண்டு நாள் முன்பிருந்தே வாசனை சோப்பு, பவுடர், சென்ட், தலைக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம். மல்லிகைப் பூவும் வேண்டாம். தோவாளைக்காரர்களிடம் இதைச் சொல்ல எனக்கே மனசு வராது, என்றாலும் சொல்லியாக வேண்டும். பீடி சிகரெட் காட்டுக்குள் எப்போதுமே கூடாது. தீ மூட்டுவது சரணாலயத்துக்குள் குற்றமும்கூட.

இரண்டாவது, மிச்சமிருக்கும் வாடையைக் காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று அறிவது. வாடையை முழுக்க ஒழிக்க முடியாது, அதனால் இதுதான் முக்கியம். பாட்டா மடியில் ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தில் அடுப்புச் சாம்பல் வைத்திருப்பார். ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுவார். அது எங்கே மிதந்து போகிறதோ அந்தத் திசையில் மிளா இருக்கக் கூடாது. நானும் சலித்த சாம்பல்தான் வைத்திருக்கிறேன். ஒரு திருப்பத்துக்கு ஒரு தடவை தூவிப் பார்ப்பேன், ஏனென்றால் மலையில் காற்று இடத்துக்கு இடம் மாறும்.

மலைக்காற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இரவெல்லாம் குளிர்ந்த காற்று கனத்து, விடியலில் சரிவு வழியாகப் பள்ளத்துக்கு இறங்கும். வெயில் ஏறி மலைமுகம் சூடானதும் திசை புரண்டு மேலே ஏறும். அந்தி சாய்ந்தால் திரும்பவும் இறங்கும். ஆகவே விடியலில் மிளா மேயும் இடத்துக்குக் கீழே இருந்து பார்க்க வேண்டும், வெயில் வந்தபின் மேலே இருந்து. திசை புரளுகிற அந்த அரைமணி நேரம் காற்று எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்போது நடக்காதீர்கள், உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். நான் தவறவிட்ட மிளாக்களில் பாதி, பொறுமையில்லாமல் அந்த நேரத்தில் எழுந்து நடந்ததால் போனவை.

நடையிலும் கொஞ்சம் இருக்கிறது. மனிதன் ஒரே சீராக நடப்பான். சருகின் மேல் அந்தத் தாளம் கேட்டாலே காடு முழுக்கத் தெரிந்துகொள்ளும். மூன்று எட்டு வையுங்கள், நில்லுங்கள், சுற்றிப் பாருங்கள். ஒரு எட்டு, நில்லுங்கள். மேயும் விலங்கு அப்படித்தான் நடக்கும். ஒரு மணிநேரத்தில் 300 மீட்டர் போனால் சரியாகப் போகிறீர்கள்.

சாப்பிட என்ன எடுத்துப் போகலாம்?

அவலும் கருப்பட்டியும், அவித்த மரச்சீனிக்கிழங்கு, ஏத்தம்பழம் ஒன்றிரண்டு. வறுத்த மீன், கருவாடு, மசாலாக் குழம்பு வேண்டாம், வாடை. மொறுமொறுவென்று சத்தம் போடும் பொட்டலங்களும் வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு குறைந்தது இரண்டு லிட்டர். பழத்தோல் உட்பட எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். நம் தின்பண்டத்தின் ருசி கண்ட குரங்கும் பன்றியும் பிறகு ஊருக்குள் வந்தால், கஷ்டப்படுவது மலையடிவாரத்துச் சனம்தான்.

பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை?

அனுமதிச் சீட்டும் அடையாள அட்டையும். கட்டுத்துணி, பஞ்சு, புண்ணுக்குப் போடும் மருந்து, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை. ஒரு விசில், சின்ன டார்ச். டார்ச் நீங்கள் நேரம் தவறினால் வழி பார்த்து இறங்க, விலங்கின் கண்ணில் அடிக்க இல்லை. இருட்டிய பிறகு காட்டுக்குள் இருக்கக் கூடாது. மலைக்குள் பல இடத்தில் போன் எடுக்காது. எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உடம்பை எப்படித் தயார் செய்வது?

இரண்டு மாதம் முன்பிருந்து வாரம் இரண்டு தடவை மருந்துவாழ்மலை ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் தெரியும். இன்னொரு பயிற்சியை யாரும் செய்வதில்லை: அசையாமல் உட்காருவது. வீட்டு முற்றத்தில் விடியற்காலை அரைமணி நேரம், போனைத் தொடாமல், சொறியாமல், கொசு கடித்தாலும் கையைத் தூக்காமல் உட்கார்ந்து பாருங்கள். முதல் நாள் பத்து நிமிடம் தாண்டாது. ஒரு மாதத்தில் பழகிவிடும். காட்டில் மிளா பார்க்கிறவரையும் பார்க்காதவரையும் பிரிப்பது பெரும்பாலும் இந்தப் பயிற்சிதான்.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா அண்ணா?

முன்பதிவு விதியில் வயது வரம்பு பார்த்துக்கொள்ளுங்கள். என் கருத்தில், மேலே சொன்ன அரைமணி நேரம் உட்கார முடிகிற பிள்ளை தாராளமாக வரலாம். பெரியவர்களைவிட அவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு தடவைக்கு நாலு பேருக்கு மேல் வேண்டாம்.

மிளா பக்கத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

குளம்படி முதலில். மிளாவின் குளம்பு இரண்டாகப் பிளந்து, முன்பக்கம் கூர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பதிந்திருக்கும். காட்டுப்பன்றியின் அடியும் அதேபோல் தோன்றும். ஆனால் பன்றிக்குப் பின்குளம்பு இரண்டும் பக்கவாட்டில் தள்ளிப் பதியும், முனையும் மழுங்கலாக இருக்கும். கேளையாட்டின் அடி இரண்டு விரல் அகலம்தான். ஓரம் உதிராமல் ஈரமாக இருந்தால் புது அடி. உள்ளே இலை விழுந்து, மழைத்துளி குத்தியிருந்தால் பழசு.

புழுக்கை ஆட்டுப்புழுக்கைபோல் குவிந்து கிடக்கும், அதைவிடப் பெரிது. பளபளப்பாக இருந்தால் அன்றையது. மரத்தில் இடுப்பு உயரத்துக்கு மேல் பட்டை உரிந்து கிடந்தால் கிடா கொம்பை உரசியிருக்கிறது. ஓடைக்கரையில் சேற்றுக்குழி, சுற்றிலும் செடிகளில் சேறு தெறித்திருந்தால், அங்கே புரண்டிருக்கிறது. குழியில் தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு நில்லுங்கள்.

சத்தமும் உண்டு. மிளா பயந்தால் பழைய பஸ் ஹாரன்போல் ஒற்றையாக, கனமாக ஒலி எழுப்பும். முன்காலால் தரையைத் தட்டும். அது உங்களைக் கண்டு எழுப்பிய ஒலியாக இல்லாவிட்டால், அது பார்த்துக்கொண்டிருக்கும் திசையில் சிறுத்தையோ புலியோ செந்நாயோ இருக்கலாம். வழிகாட்டியின் முகத்தைப் பாருங்கள்.

தோட்டத் தொழிலாளர்களிடமும் கேளுங்கள். விடியுமுன் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் கண்ணில் படும் மிளா, வாரக்கணக்கில் காட்டில் திரிந்தாலும் நமக்குப் படாது. கீரிப்பாறைப் பக்கம் நான் முதலில் விசாரிப்பது அவர்களிடம்தான்.

உதிர்ந்த கொம்பு கிடந்தால் எடுக்கலாமா?

கூடாது. மிளாவின் கொம்பு உதிர்ந்து புதிதாக முளைப்பது, அதனால் காட்டில் கிடக்கும். உதிர்ந்ததானாலும் அது அரசுச் சொத்து, வீட்டில் வைத்திருப்பது குற்றம். எலியும் முள்ளம்பன்றியும் சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கொறிக்கும். தொட்டுப் பாருங்கள், மூன்று கிளை இருக்கிறதா என்று எண்ணுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள்.

யானை, பாம்பு பயம்?

யானைக்குத்தான் பயப்பட வேண்டும். மிளாவை நெருங்க நாம் பழகுகிற அமைதியே இங்கே ஆபத்து. சத்தமில்லாமல், காற்றுக்கு எதிரே போகிறவன் யானைக்கு மிக அருகில் போய்விடுவான். மூங்கில் ஒடியும் சத்தம், சூடு ஆறாத பிண்டம், சாணமும் புளித்த இலையும் கலந்த வாடை, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைய மிளாவை மறந்து வந்த வழியே திரும்புங்கள். தனியாக நிற்கும் காட்டுப்போத்துக்கும் (காட்டுமாடு) இதே மரியாதை.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடித்த கை காலை அசைக்காமல் ஒரு கம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, தூக்கிக்கொண்டு இறங்குங்கள். 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் காட்டில் குழிவிரியன்கள் உண்டு. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கென்று செய்தது. குழிவிரியன் அதில் இல்லை. ஆகவே கை வைக்கும் கிளையையும் பாறையையும் பார்த்து வைப்பதுதான் மருந்து.

போய்வந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல். சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சியின் கடியால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வரும். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். அக்குள், இடுப்பு, தொடை மடிப்பில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். "காட்டுக்குப் போய் வந்தேன்" என்று மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். சொன்னால் எளிதில் குணமாகும் நோய், விட்டால் உயிருக்கே ஆபத்து. காட்டிலிருந்து வந்த அன்றே வெந்நீரில் குளித்து, உடுப்பைத் தனியாக ஊற வையுங்கள்.

கேமரா?

முதல் தடவைக்கு வேண்டாம். அனுமதிச் சீட்டில் படம் எடுப்பது தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒருபுறம். கேமராவைத் தூக்குகிற அசைவில்தான் மிளா ஓடும்.

மிளா நேருக்கு நேர் வந்துவிட்டால் என்ன செய்ய?

எந்த நிலையில் இருக்கிறீர்களோ அதே நிலையில் உறைந்து விடுங்கள். ஒரு கால் தூக்கியிருந்தால் மட்டும் மெல்லக் கீழே வையுங்கள். கண்ணோடு கண் பார்க்காதீர்கள், அதன் தோளைப் பாருங்கள். அது காதை முன்னே குவித்து, மூக்கைத் தூக்கி, ஒரு காலால் தட்டும். சிலநேரம் மேய்வதுபோல் தலையைக் குனிந்து சட்டென்று நிமிரும். நீங்கள் அசைகிறீர்களா என்று பார்க்கிறது. அசையாமல் இருந்தால் ஒரு நிமிடமோ ஐந்து நிமிடமோ கழித்து வாலைத் தூக்கி, சரிவில் ஏறி மறையும்.

அப்போதும் எழாதீர்கள். கூட வந்தவரிடம் பேசாதீர்கள். போன வருஷம் மாறாமலைச் சரிவில் ஒரு பெண்மிளா அப்படி எங்களைத் தாண்டிப் போனது. பக்கத்தில் இருந்த நண்பர் எழப் போனார். வழிகாட்டி அவர் தோளில் கை வைத்து அமர்த்தினார். ஏறக்குறைய பத்து நிமிடம். தாய் போன அதே தடத்தில், காலைத் தூக்கித் தூக்கி வைத்து, குட்டி வந்தது.